ஊர் எலெக்‌ஷனுக்கு விமானம் ஏறணும். லண்டனில் நடந்தே போய் ஓட்டுப் போடலாம்!

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், முன்பின் தெரியாதவரிடம்கூட "அண்ணாச்சி, இந்தத் தடவ யாருக்கு?" என்று கேட்டுவிடலாம். எது காங்கிரஸ் வீடு, எது பிஜேபி வீடு, எது கம்யூனிஸ்ட் வீடு என்று தெருவுக்கே தெரியும். இப்படி வளர்ந்த ஒருவர் நர்ஸ் வேலைக்காக பிரிட்டன் போனால், முதலில் வித்தியாசமாகத் தெரிவது அங்குள்ள அமைதிதான். மழை, ரயில் தாமதம், வீட்டு வாடகை என எதையும் பேசுவார்கள். "யாருக்கு ஓட்டு?" என்று கேட்பது மட்டும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி.

தேர்தல் வந்தால் கதை வேறு. கட்சித் தொண்டர் வாசலுக்கே வந்து, "எங்களுக்கு ஆதரவு உண்டா?" என்று கேட்டு லிஸ்டில் குறித்துக்கொள்வார். "நான் இந்தியன், எனக்கேது ஓட்டு?" என்று கதவைச் சாத்திவிடத் தோன்றும். அங்கேதான் தப்பு.

ஓட்டு உண்டா?

உண்டு. முறையான விசாவில் பிரிட்டனில் வசிக்கும், 18 வயது நிறைந்த காமன்வெல்த் நாட்டவர் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். குடியுரிமை தேவையில்லை. நம்மை எல்லாம் பிரிட்டிஷ் பிரஜைகள் என்று சொன்ன காலத்தின் மிச்சம் இது. பூத்தில் போட்டோ அடையாளம் கேட்பார்கள். இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டினாலே போதும். வியாழக்கிழமை, காலை 7 முதல் இரவு 10 வரை வாக்குப்பதிவு. லீவு கிடையாது.

2024-ல் இரண்டு தேர்தல்களும் வந்தன. ஏப்ரல் 19-ல் கன்னியாகுமரி தொகுதிக்கு ஓட்டுப் போட நேரில் வந்தாக வேண்டும். ஜூலை 4-ல் பிரிட்டன் தேர்தலுக்குப் பக்கத்துத் தெரு பூத். அந்த மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கப் பதிவு செய்த 1,19,374 வெளிநாடு வாழ் வாக்காளர்களில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர் மட்டுமே. தங்களுக்குப் பதில் இன்னொருவரை ஓட்டுப் போடச் சொல்லும் மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, அதோடு காலாவதியாகிவிட்டது.

குமரிக்காரர்கள் போய்ப் பழகிய வளைகுடாவில் இந்தக் குழப்பமே இல்லை. வெளிநாட்டவருக்கு அங்கே அரசியல் என்றால் ஊர் அரசியல்தான், அதுவும் ரூமுக்குள். 2022 ஜூனில் போராட்டம் நடத்திய வெளிநாட்டவரை நாடு கடத்தப்போவதாகவே குவைத் அறிவித்தது.

பேச்சின் பொருளே இவர்கள்தான்

பிரிட்டனில் உரிமை இருந்தும் சங்கடம் இருக்கிறது. அங்கே டிவியைத் திறந்தால் முக்கியப் பிரச்சினையே குடியேற்றம்தான். வார்டில் நோயாளி ஒருவர் வந்தேறிகளைப் பற்றிப் பொரிந்து தள்ளிவிட்டு, மருந்து கொடுக்கும் நர்ஸிடம் "உன்னைச் சொல்லலம்மா" என்பார். குடியேறிய பலருக்கும் இது பழகிப்போன வரி.

2025 மே 12 அன்று வெளியான வெள்ளை அறிக்கை, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான காத்திருப்பை 5 ஆண்டிலிருந்து 10 ஆக்க முன்மொழிந்தது. அன்று பிரதமர் ஸ்டார்மர், நாடு 'அந்நியர்களின் தீவு' ஆகிவிடும் அபாயம் பற்றிப் பேசினார். அந்தச் சொல்லுக்காகப் பிறகு வருத்தமும் தெரிவித்தார். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது ஜூலை 22-ல் நின்றது.

2023-ல் போய், 2028-ல் நிரந்தர உரிமை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு ஊரில் கடன் வாங்கியவருக்கு அது 2033 ஆகலாம். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் ஓட்டு இருப்பதே தெரியாமல் ஒதுங்கி நிற்பவரின் வருத்தம் எந்த எம்.பி.க்கும் கேட்காது.

எல்லை தாண்டினால் இருக்கும் கேரளத்தில், கோட்டயம் பக்கத்திலிருந்து நர்ஸாகப் போன சோஜன் ஜோசஃப் 2024-ல் ஆஷ்ஃபோர்டு தொகுதியின் எம்.பி. ஆனார். லேபர் கட்சி அந்தத் தொகுதியை வென்றது அதுவே முதல் முறை.

அடுத்த தடவை வாசலில் லிஸ்ட்டோடு நிற்பவரிடம் குமரி நர்ஸும் ஒன்று கேட்கலாம்: "அஞ்சு வருஷமா, பத்து வருஷமா? உங்க கட்சி என்ன சொல்லுது?"