தட்டைத்திரைத் தொலைக்காட்சியின் படத்தரம்: கடை அளவுகோலும் வீட்டு அளவுகோலும்

ஒரு தொலைக்காட்சியின் படத்தரத்தை அளக்க நேர்மையான அளவுகோல் ஒன்றுதான் உண்டு: படத்தை உருவாக்கியவர் தம் திரையில் எதைக் கண்டு ஒப்புதல் அளித்தாரோ, அதற்கு எவ்வளவு நெருக்கமாக அந்தப் பெட்டி காட்டுகிறது என்பதே அது. திரைப்படமாயினும் தொடராயினும், இறுதிக் கட்டத்தில் நிறச்சீரமைப்பாளர் மங்கிய ஒளியுள்ள அறையில் அமர்ந்து, அளந்து நேர்செய்யப்பட்ட திரையைப் பார்த்தே ஒவ்வொரு காட்சியின் நிறத்தையும் இருளையும் முடிவுசெய்கிறார். அந்தத் திரைக்கான நெறிகள் எழுதப்பட்டவை. எச்டி படத்தின் நிற எல்லையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990-இல் முதலில் வெளியிட்ட பிடி.709 பரிந்துரை வகுக்கிறது; வெண்மை என்பது நண்பகல் பகலொளியை ஒத்த, ஏறத்தாழ 6,500 கெல்வின் நிறவெப்பம் கொண்ட டி65 வெண்மை; கருமையிலிருந்து வெண்மைக்கு ஒளி எப்படிப் படிப்படியாக ஏற வேண்டும் என்பதைத் தட்டைத்திரைகளுக்கென்றே 2011-இல் வந்த பிடி.1886 பரிந்துரை சொல்கிறது. வழக்கமான படத்துக்கு உச்ச வெண்மையின் ஒளிர்வு 100 நிட் என்பது படத்தயாரிப்புக் கூடங்களின் நடைமுறை. ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு கேண்டிலா அளவு ஒளி வெளிப்படுவதே ஒரு நிட்.

விற்பனைக் கூடத்தில் இந்த நெறிகள் எதற்கும் இடமில்லை. வரிசையாக மாட்டப்பட்ட பெட்டிகள் அனைத்தும் விவிட் அல்லது டைனமிக் எனப்படும் பட அமைப்பில், வீட்டுக் கூடத்தைவிடப் பல மடங்கு வெளிச்சமான விளக்குகளின் கீழ், தயாரிப்பாளரே பென்டிரைவில் தந்த பூக்களையும் கடற்கரைகளையும் காட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த அமைப்பில் ஒளிர்வு உச்சத்தில் இருக்கும், நிறச்செறிவு கூட்டப்பட்டிருக்கும், வெண்மை 6,500 கெல்வினை விட்டு வெகுதூரம் நீலத்தின் பக்கம் நகர்ந்திருக்கும். நீலச்சாயல் ஏறிய வெண்மை அதிகப் பளிச்சென்று கண்ணுக்குத் தோன்றுவதால், அருகருகே இரண்டு பெட்டிகள் இருக்கும்போது வாங்குபவரின் கை பிழையான படத்தையே சுட்டிக்காட்டுகிறது. பூவின் நிறம் மாறியிருப்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. மனித முகத்தில்தான் பிழை பிடிபடும். மாநிறத் தோல் இந்த அமைப்பில் சாம்பல் பூத்தும், நெற்றியின் ஒளிபடும் இடம் வெளிறியும், உதடுகள் சாயம் பூசியவை போலவும் தெரியும். ஆகவே படத்தரத்தைச் சோதிக்க விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது நன்கு பழகிய முகங்கள் உள்ள ஒரு காட்சியையே.

படத்தரத்தின் கூறுகளில் முதலிடம் கருமைக்கு உரியது என்பது இவ்விதழின் உறுதியான கருத்து. ஒரே படத்தில் தோன்றும் மிக வெளிச்சமான புள்ளிக்கும் மிக இருண்ட புள்ளிக்கும் உள்ள விகிதமே கான்ட்ராஸ்ட். படத்துக்கு ஆழம் இருப்பதாகக் கண் உணர்வது பெரும்பாலும் இதனால்தான். எல்சிடி பேனல் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் எரியும் பேக்லைட்டின் ஒளியை ஒவ்வொரு பிக்சலும் மறைத்தும் திறந்தும் படத்தை உண்டாக்குகிறது, அந்த மறைப்பு ஒருபோதும் முழுமையாவதில்லை. ஐபிஎஸ் வகைப் பேனலில் இந்த விகிதம் ஏறத்தாழ 1,000-க்கு 1. விஏ வகையில் 3,000 முதல் 5,000-க்கு 1 வரை கிடைக்கும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கருமை உண்மையிலேயே கருமையாகிறது. பெட்டியின் மேல் அச்சிடப்படும் பத்து லட்சத்துக்கு 1 போன்ற டைனமிக் கான்ட்ராஸ்ட் எண்கள், வெள்ளைத் திரையை ஒருமுறையும் பேக்லைட்டை அடக்கிய கறுப்புத் திரையை மற்றொரு முறையும் தனித்தனியே அளந்து பெறப்படுபவை. ஒரே காட்சியில் ஒளியும் இருளும் சேர்ந்து வரும்போது அந்த எண் எதையும் உணர்த்துவதில்லை. கறுப்பும் வெள்ளையுமாகப் பதினாறு கட்டங்கள் கொண்ட சதுரங்கப் படத்தைத் திரையில் இட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் அளப்பதே பயனுள்ள அளவீடு.

எல்சிடியின் இந்தக் குறையை ஈடுசெய்ய வந்தது லோக்கல் டிம்மிங், அதாவது பேக்லைட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து இருண்ட இடங்களில் மட்டும் தணிக்கும் முறை. விளக்குகள் ஓரத்தில் மட்டும் இருக்கும் எட்ஜ்-லிட் பெட்டிகளில் இது பெயரளவுக்கே வேலைசெய்கிறது. பேனலின் பின்புறம் முழுவதும் விளக்குகள் பரவிய பெட்டிகளிலும், மிகச்சிறிய விளக்குகளை நிறைத்த மினி எல்இடி பெட்டிகளிலும் பலன் கண்கூடு. இருப்பினும் பகுதிகளின் எண்ணிக்கை பிக்சல்களின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவாதலால், இருண்ட பின்னணியில் வெளிச்சமான பொருள் வரும்போது அதைச் சுற்றி ஒளிவட்டம் படரும். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். இரவுக் காட்சியில் வெள்ளை எழுத்துத் துணைவரிகளை ஓடவிட்டு எழுத்துகளைச் சுற்றிய இருளைப் பார்த்தாலே போதும். கியூஎல்இடி என்று விற்கப்படுபவையும் எல்சிடி பெட்டிகளே என்பதை விற்பனையாளர் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீல ஒளியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும் குவான்டம் புள்ளிகள் பூசிய படலம் அவற்றின் நிறத்தை விரிவாக்குகிறது. கருமைக்கும் அந்தப் படலத்துக்கும் தொடர்பில்லை.

வாங்குபவரின் வீட்டை அறியாமல் பேனலைப் பரிந்துரைக்க முடியாது. தமிழ்நாட்டுக் கூடங்களில் பார்வையாளர்கள் திரைக்கு நேர் எதிரே வரிசையாக அமர்வதில்லை. ஒருவர் சோபாவிலும், இருவர் பாயிலும், ஒருவர் சமையலறை வாசற்படியில் நின்றும் பார்ப்பது வழக்கம். பெட்டியோ பல வீடுகளில் கண்மட்டத்துக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது. விஏ பேனலின் சிறப்பான கருமை நேர்ப்பார்வைக்கு மட்டுமே உரியது. பக்கவாட்டில் நகரும்போது நிறம் வெளுத்துக் கருமையும் சாம்பலாகிறது. ஐபிஎஸ் பேனலில் நிறம் நிலைத்து நிற்கும், கருமை எங்கிருந்து பார்த்தாலும் சுமார்தான். எந்தக் கோணத்திலும் பெரிதாக மாறாதது ஓஎல்இடி. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: காலை முதல் இரவு வரை ஒரே செய்தி அலைவரிசை ஓடும் வீட்டில், அசையாத சின்னமும் அடிவரிப் பட்டையும் நாளடைவில் திரையில் தடமாகப் பதிந்துவிடக்கூடும். அத்தகைய வீட்டுக்கு நல்ல எல்சிடி பெட்டியைப் பரிந்துரைப்பதே முறை. கூடத்தில் திரைக்கு எதிர்ச்சுவரில் டியூப்லைட் இருந்தால் அதன் பிம்பம் பளபளப்பான திரையில் கோடாக விழும் என்பதையும், விளக்கின் இடத்தை மாற்றுவது விலை உயர்ந்த பெட்டியைவிட அதிகப் பலன் தரும் என்பதையும் நிறுவுபவர் சொல்லியாக வேண்டும்.

பிக்சல் எண்ணிக்கை பற்றிய பேச்சு கடைகளில் தேவைக்கு மேல் நடக்கிறது. 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ. ஆகையால், 3840 பிக்சல் அகலமுள்ள 4கே பேனலில் ஒரு பிக்சலின் அளவு 0.32 மி.மீ., 1920 பிக்சல் அகலமுள்ள எச்டி பேனலில் 0.63 மி.மீ. ஆகிறது. இயல்பான கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம் வரையே நுண்மையைப் பிரித்தறியும் எனக் கொண்டால், பத்தடி தொலைவில் 0.9 மி.மீ. அளவுக்குக் குறைந்தவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவ்வளவு தள்ளி அமரும் குடும்பத்துக்கு 4கே பேனலின் கூடுதல் நுண்மை கண்ணில் படாது. அதைவிட முக்கியமானது, உள்ளே வரும் படம் எத்தகையது என்பது. கேபிள் இணைப்புகளில் இன்றும் பெரிதும் பார்க்கப்படும் எஸ்டி படம் 720-க்கு 576 பிக்சல்கள் கொண்டது. 4கே திரையில் இருக்கும் பிக்சல்கள் அதைப்போல் சரியாக இருபது மடங்கு. திரையில் தெரியும் இருபது புள்ளிகளில் பத்தொன்பதைப் பெட்டியின் செயலியே கணித்து நிரப்புகிறது என்று பொருள். அந்தக் கணிப்பின் தரம்தான் நம் வாடிக்கையாளர் நாள்தோறும் காணும் படத்தின் தரம். எந்தக் கடையிலும் எஸ்டி அலைவரிசையை ஓடவிட்டு விற்கப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

எச்டிஆர் என்னும் விரிந்த ஒளிவீச்சு முறையில் நிகழும் ஏமாற்றம் இன்னும் பெரியது. 2014-இல் தரப்படுத்தப்பட்ட பிக்யூ வளைவு 10,000 நிட் வரையிலான ஒளிர்வைக் குறிக்கவல்லது. இம்முறையில் தயாராகும் படங்கள் பெரும்பாலும் 1,000 நிட் அல்லது அதற்கு மேற்பட்ட உச்சத்துக்குச் சீரமைக்கப்படுகின்றன. 2016-இல் யுஎச்டி அலையன்ஸ் தன் முத்திரைக்கு விதித்த நிபந்தனையின்படி, ஒரு பெட்டி 1,000 நிட் உச்சமும் 0.05 நிட்டுக்குக் குறைவான கருமையும் தர வேண்டும், அல்லது 540 நிட் உச்சமும் 0.0005 நிட்டுக்குக் குறைவான கருமையும் தர வேண்டும். 300 நிட் அளவே ஒளிரும் எட்ஜ்-லிட் பெட்டியும் எச்டிஆர் சமிக்ஞையை ஏற்றுக்கொள்கிறது. ஏற்பதற்கும் காட்டுவதற்கும் உள்ள தூரத்தை அட்டைப்பெட்டியின் முத்திரை சொல்வதில்லை. அத்தகைய பெட்டியில், விளக்கெரியும் கூடத்தில், எச்டிஆர் படம் வழக்கமான படத்தைவிட இருண்டு தெரிவது பழுதன்று, பிக்யூ முறையின் இயல்பான விளைவு. இதைப் பழுது என்று நம்பிப் போர்டை மாற்றச் சொல்லும் வாடிக்கையாளரிடம் உண்மையை விளக்குவது பழுதுநீக்குபவரின் பொறுப்பு.

அசைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எல்சிடியும் ஓஎல்இடியும் ஒவ்வொரு படச்சட்டத்தையும் அடுத்தது வரும்வரை நிறுத்திவைத்துக் காட்டுவதால், நகரும் பொருளைத் தொடரும் கண்ணுக்கு அது மங்கித் தெரிகிறது. இதைக் குறைக்க எம்இஎம்சி என விளம்பரப்படுத்தப்படும் வசதி, இரண்டு சட்டங்களுக்கு நடுவே கற்பனைச் சட்டங்களை இடுகிறது. கிரிக்கெட்டுக்கு அது ஓரளவு உதவலாம். நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்பட்ட திரைப்படத்தை அது மேடை நாடகத்தின் வீடியோப் பதிவு போல் ஆக்கிவிடுகிறது. நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018-இல் பொதுமக்களிடம் இதை அணைத்துவைக்கும்படி வேண்டினர், 2019-இல் யுஎச்டி அலையன்ஸ் இதையும் மற்ற செயற்கைத் திருத்தங்களையும் ஒருசேர அணைக்கும் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பை அறிவித்தது.

பெட்டியை வீட்டில் மாட்டியபின் செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம். முதற்படி, விவிட் அமைப்பிலிருந்து சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் அமைப்புக்கு மாற்றுவது. வார்ம் எனப்படும் நிறவெப்பமே பெரும்பாலும் டி65-க்கு மிக அருகில் இருக்கும். வாடிக்கையாளருக்கு முதல் நாள் படம் மஞ்சளாகத் தோன்றும், சில நாள்களில் கண் பழகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அடுத்தது கருமை. பிளூஜ் எனப்படும் சோதனைப் படத்தில் கறுப்புப் பின்னணியைவிடச் சற்றே இருண்ட பட்டை ஒன்றும் சற்றே வெளிறிய பட்டை ஒன்றும் இருக்கும். இருண்ட பட்டை பின்னணியோடு கலந்து மறைந்து, வெளிறிய பட்டை மட்டும் மிக மெல்லியதாகத் தெரியும் இடத்தில் பிரைட்னஸ் அளவை நிறுத்த வேண்டும், ஏனெனில் எல்சிடி பெட்டியில் பேக்லைட்டுக்குத் தனி அளவு இருக்க, பிரைட்னஸ் திருத்துவது கருமையின் மட்டத்தைத்தான். சோதனைப் படம் கையில் இல்லாதபோது எண்ணெய் தடவிய கருங்கூந்தல் அண்மைக் காட்சியில் வரும் படத்தை எடுத்துக்கொள்ளலாம்: மயிரிழைகளும் அவற்றின் மேல் ஓடும் பளபளப்பும் தனித்தனியே தெரிந்தால் அளவு சரி, கூந்தல் முழுவதும் ஒரே கறுப்புத் திரளானால் மிகத் தாழ்ந்துவிட்டது, சாம்பல் படிந்தாற்போல் இருந்தால் மிக உயர்ந்துவிட்டது. பிரைட்னஸை மாற்றியும் சரியாகவில்லையென்றால் செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ வெளியீட்டைப் பார்க்க வேண்டும். 16 முதல் 235 வரையிலான வரம்பில் பெட்டி எதிர்பார்க்கும் சமிக்ஞையை அது 0 முதல் 255 வரை அனுப்பினால் கருமை நசுங்கும், மாறாக அமைந்தால் வெளுக்கும்.

பிறகு ஷார்ப்னஸ். செய்தி அலைவரிசையின் அடிவரியில் ஓடும் தமிழ் எழுத்துகளை அருகில் நின்று பார்த்து, சுழிகளின் ஓரங்களில் வெள்ளைக் கோடு மறையும் வரை குறைக்க வேண்டும். அந்த அடிவரி திரையின் கீழ்விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால் பட அளவு ஸ்க்ரீன் ஃபிட் நிலையில் இல்லை என்று அறியலாம். இறுதியில், இரவு விளக்கை எரியவிட்டு, வீட்டார் அமரும் இடத்திலேயே அமர்ந்து, கண் கூசாத அளவுக்குப் பேக்லைட்டைத் தணிக்க வேண்டும்.

இத்தனையும் செய்ய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. சுவரில் ஆணி இறுகியதும் ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் வழக்கத்துக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை நிறுவல் என்று விதிக்கப்படும் கெடுவே காரணம் என்பதை இவ்விதழ் அறியும். கெடு விதிப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவிட்டு வாங்கும் பெட்டியின் படம், அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்கு முதல் நாள் விட்டுச்சென்ற அமைப்பிலேயே பெரும்பாலும் ஓடுகிறது. விற்பனைக் கூடங்கள் விளக்கு தணிந்த ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே இரண்டு மூன்று பெட்டிகளைச் சினிமா அமைப்பில், சாதாரண செட்டாப் பாக்ஸ் இணைப்புடன் வைக்க வேண்டும். நிறுவுபவர்கள் பட அமைப்பை நேர்செய்யாமல் பணி முடிந்ததாகக் கையெழுத்து வாங்குவதை இன்றோடு நிறுத்த வேண்டும்.