நிற்கும் திறம்

மோட்டார் வண்டியைப் புகழ்வோர் முதலில் அதன் விரைவைக் கூறுவர். பின்னர் அதன் மெருகையும், மெத்தையின் மென்மையையும், ஓசையின்றி ஓடும் நயத்தையும் கூறுவர். அது நிற்கும் திறத்தைக் கூறுவோர் அரியர். அவரும், வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, பிரேக்கு நன்று என்று தீர்ப்பளித்துவிடுவர். அஃது அரைத் தீர்ப்பே. பிரேக்கின் தரம் அது சூடேறிய பின்னரே விளங்கும்.

தேரோட்டத்தில் முட்டுக்கட்டை இடும்போது கட்டையிலிருந்து புகை எழுவதைப் பலர் கண்டிருப்பர். ஓடுவதை நிறுத்துவது என்பது அதன் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதேயாகும். 2,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது என்று கொள்க. அதனை ஒரு முறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதே வண்டி 500 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மிதித்தவாறே மெல்ல இறங்குமாயின், பிறக்கும் வெப்பம் அதனினும் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்டதாகும். பழைய வண்டிகளில், சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தில் இரண்டு கட்டைகள் அழுந்தி உராயும். உருளை சூட்டால் விரிந்து கட்டைகளை விட்டு விலகும். கட்டைகளின்மேல் பதித்த லைனிங் தன் பிடிப்பை இழக்கும். அந்நிலையில் மிதிகட்டையை எவ்வளவு அழுத்தினும் வண்டி எளிதில் நில்லாது.

செல்வர்க்கென்று செய்யப்பட்ட வண்டிகளுக்கே இவ்விடர் மிகுதி. அவை எடையும் விரைவும் ஒருங்கே உடையவை அல்லவா? 1906-ஆம் ஆண்டில் தோன்றிய ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் 'சில்வர் கோஸ்ட்' வண்டி உலகப் புகழ் பெற்றது. எனினும் 1920-களின் தொடக்கம் வரை அதன் பிரேக்கு பின்சக்கரங்கள் இரண்டின் வழியாகவே இயங்கிற்று. 1912-ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் அவ்வகை வண்டியொன்று, ஆஸ்திரியாவிலுள்ள காட்ஷ்பெர்க் கணவாயில் ஏற மாட்டாது நின்றுவிட்டது. உடனே நிறுவனத்தார் மூன்று கியர்களுக்கு மாற்றாக நான்கு கியர்களை அமைத்து, அடுத்த ஆண்டே ஆல்ப்ஸ் மலையில் சிறப்புற ஓட்டிக் காட்டினர். ஏறாமற்போன மானக்கேடு ஓராண்டில் தீர்ந்தது; நான்கு சக்கர பிரேக்கு வருவதற்கோ மேலும் பத்தாண்டுக்கு மேலாயிற்று. ஏற்றத்தில் நின்ற வண்டி நகைப்புக்கு இடமாகும். இறக்கத்தில் நில்லாத வண்டி உயிரைக் கொள்ளும். இவற்றுள் எதற்கு முன்னர்த் தீர்வு கண்டிருத்தல் வேண்டும்?

இவ்வகையில் ஹிஸ்பானோ சுய்சா நிறுவனத்தின் பொறியியலர் மார்க் பிர்கிட் பாராட்டுக்குரியவர். 1919-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த அவருடைய எச்6 வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்கு இருந்தது. வெப்பத்தை விரைவிற் கடத்தும் அலுமினியக் கலவையால் உருளைகள் அமைந்தன. வண்டியின் ஓட்டமே பிரேக்கை அழுத்துதற்குத் துணைசெய்தது. போட்டியாளராகிய ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தாரே அத்துணைக்கருவியைச் செய்ய உரிமம் பெற்றனர். நல்லதைப் பகைவரிடமிருந்தும் கற்பது பெருமையே.

லைனிங்கின் கதை துயரம் கலந்தது. இங்கிலாந்தின் ஹெர்பர்ட் புரூட் முதலில் பருத்தி முதலியவற்றால் லைனிங் செய்தார். அவை சூட்டிற் கருகின. 1908-ஆம் ஆண்டளவில் கல்நார் வந்தது, வெப்பத்தைத் தாங்கியது. ஆனால் அதன் தூள் தொழிலாளர் நுரையீரலிற் புகுந்து நோய் செய்தது. 1999-ஆம் ஆண்டில் பிரிட்டன் அதனைத் தடை செய்தது. பின்னர் உருளைக்கு மாற்றாகக் காற்றுப்படும் வட்டத்தகடு வந்தது. 1953-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வண்டி அதனைக் கொண்டே வென்றது. ரோல்ஸ் ராய்ஸ் வண்டிக்கு அது 1965-ஆம் ஆண்டிற்றான் வந்தது.

சோதிக்கும் முறையும் மெல்லவே திருந்தியது. 1960-களில் பிரிட்டனின் மோட்டார் இதழொன்று, நிமிடத்திற்கு ஒரு முறையாக இருபது முறை வண்டியை நிறுத்தி, மிதிகட்டைக்கு வேண்டிய அழுத்தத்தை முதல் முறையிலும், பத்தாம் முறையிலும், இருபதாம் முறையிலும் அளந்து வெளியிட்டது. முதல் அளவு விற்பவனுக்குப் பயன்படும். வண்டியில் ஏறி மலையிறங்க இருப்பவன் படிக்க வேண்டியது இருபதாம் அளவையே.