பதினோராம் வகுப்பில் குலத்தொழிலா?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்ததும் நம் நாட்டில் ஒரு வேடிக்கை நடக்கின்றது. பதினைந்து வயதுப் பிள்ளை எந்தப் பிரிவில் சேருவது என்பதை அப்பிள்ளையைத் தவிர மற்றெல்லோரும் தீர்மானிக்கிறார்கள். வசதியுள்ளவர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோசியனிடம் ஓடுகிறார். (புதனுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தமோ, அது புதனுக்கே வெளிச்சம்!) ஏழை மகனுக்கோ சோசியனும் வேண்டியதில்லை. தகப்பன் தொழிலைக் கேட்டவுடனே, "இவனுக்குத் தொழிற்பிரிவு போதுமே" என்று பள்ளிக்கூடத்திலேயே பலன் சொல்லிவிடுகிறார்கள். சலவைத் தொழிலாளித் தோழர் ஒருவருடன் போயிருந்தபோது நம் காதாலேயே இதைக் கேட்டோம்.

தொழில் கற்பது இழிவென்று நாம் சொல்லவில்லை. அது அவ்வளவு மேலானதாயின், அதே மார்க்கு வாங்கிய வக்கீல் மகனுக்கு ஏன் அந்த யோசனை சொல்லப்படவில்லை என்றுதான் கேட்கிறோம். கணிதத்தை விட்டவனுக்கு இஞ்சினீயர் படிப்பும், உயிரியலை விட்டவனுக்கு வைத்தியப் படிப்பும் பெரும்பாலும் அன்றைக்கே அடைபட்டுப் போகின்றன என்பது யோசனை சொன்னவருக்குத் தெரியாதா?

1953-ல் ஆச்சாரியார் அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் என்று கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். 1954-ல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. அத்திட்டமாவது ஊரறிய வந்தது. இதுவோ காதும் காதும் வைத்தாற்போல் நடக்கின்றது.

தோழர்களே! மனுவில் கையெழுத்துப் போடுமுன் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். அந்தப் பிரிவில் இடமில்லையென்றால், எந்த மார்க்கோடு நிறுத்தினீர்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.