கொல்லுமுன் கூர்ந்து நோக்குவோம்



ஊரை விட்டு வந்த நாம் உடன் கொண்டு வந்தவை சில. மொழி ஒன்று, நாக்கின் சுவை மற்றொன்று. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இல்லாமல் எத்தனை நாள்தான் காலந் தள்ள முடியும்? அதனால்தான் இப்புனே நகரில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் நம்மவர் சிலர், கொல்லைப்புறத்திலோ மொட்டைமாடியிலோ நான்கு தொட்டிகளை வைத்துக் கத்தரியும் வெண்டையும் வளர்க்கின்றனர். நல்ல பழக்கம், வளர்க அது! ஆனால், அச்செடிகளில் முதல் வண்டு வந்து அமர்ந்தவுடன் நாம் செய்யும் காரியம் இருக்கிறதே, அது நல்ல காரியம் அன்று என்பதே என் வழக்கு.

இவ்வழக்கில் முதற் குற்றவாளி நானேதான். சென்ற மழைக்காலத்தில், நாங்கள் மூவர் தங்கியிருந்த வீட்டின் பின்புறத்தில் எட்டுக் கத்தரிச் செடிகளும், ஒரு வெள்ளரிக் கொடியும், ஓர் அவரைப் பந்தலும் இருந்தன. கத்தரி இலைகள் ஒவ்வொன்றாகச் சல்லடையாகிக் காய்ந்தன. இலைகளின்மேல் புள்ளி போட்ட வண்டுகளைக் கண்டேன். கடைக்குப் போய், "வண்டு மருந்து" என்று கேட்டேன். கொடுத்த குப்பியை வாங்கி வந்து, சீட்டைப் படியாமல், கை போன போக்கில் நீரிற் கலந்து, தோட்டம் முழுவதும் தெளித்தேன். வண்டுகள் உதிர்ந்தன. நானும் போரில் வென்றவனைப் போல் நிமிர்ந்து நின்றேன்.

மறுநாட் காலையில் வீட்டுக்கார அம்மாளின் நான்கு வயதுப் பேத்தி வெள்ளரிப் பிஞ்சு ஒன்றைப் பறித்து வாயருகே கொண்டு போனாள். ஓடிச் சென்று பிடுங்கினேன். குழந்தை வீரிட்டு அழுதாள். அந்த அம்மாளை நாங்கள் 'ஆஜி' என்று அழைப்போம். மராத்தியில் பாட்டி என்று பொருள். ஆஜி என்னைத் திட்டவில்லை. "பாளா, குழந்தை தின்னக் கூடாததை நீங்கள் மட்டும் எப்படித் தின்பீர்கள்?" என்று கேட்டார். "தவறு என்னுடையதுதான், ஆஜி" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு விடையில்லை. விஞ்ஞானத்தில் முதுகலை பயில்கிறவன் நான்!

பிறகுதான் குப்பியின் சீட்டைப் படித்தேன். மருந்து தெளித்தபின் காய் பறிக்க இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. வயலில் உழவர் காத்திருக்கலாம், காத்திருக்கவும் வேண்டும். ஆனால், வீட்டுத் தோட்டத்தின் நியாயமே வேறு. காலையிற் பறித்தது நண்பகலில் குழம்பிற் கொதிக்கிறது. குழந்தை கைநீட்டும் தூரத்தில் காய் தொங்குகிறது. அடுக்களைக்கும் செடிக்கும் பத்தடி தூரம் இருக்கும் இடத்தில், நஞ்சுக்கு என்ன வேலை?

கதை அத்துடன் முடியவில்லை. இரண்டு வாரங்களில் அவரைக் கொடியின் தளிரெல்லாம் அசுவினி அப்பிக் கொண்டது. நான் மருந்தடித்த அன்று உதிர்ந்த வண்டுகளில் சிலவற்றை ஒரு தாளில் மடித்து வைத்திருந்தேன். அவற்றைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அவற்றுள் இரண்டு இனங்கள் இருந்தன. ஒன்று கத்தரியைத் தின்ற திருடன். மற்றொன்று அவரையில் அசுவினியைத் தின்று வந்த காவற்காரன். திருடனோடு காவற்காரனையும் சேர்த்துக் கொன்றிருக்கிறேன்!

இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகையால்தான் இந்த மயக்கம். பொறிவண்டுக் குடும்பத்தில் பெரும்பாலானவை அசுவினி, மாவுப்பூச்சி முதலியவற்றைத் தின்று நமக்கு உதவுகின்றன. எபிலாக்னா என்னும் கிளை மட்டும் இலை தின்னி. அடையாளம் காண்பது கடினமன்று. நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் பூசினாற்போற் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகோ மங்கலான செம்பு நிறம். அதன்மேல் நுண்ணிய மயிர் படர்ந்திருக்கும். கத்தரியில் மிகுதியாகக் காணப்படும் இனத்துக்குப் புள்ளிகள் 28. புழுப் பருவத்தில் வேற்றுமை இன்னும் தெளிவு. எபிலாக்னாப் புழு மஞ்சள் நிறமாய், உடலெங்கும் கிளைத்த முட்களோடு, இலையின் அடியில் அசையாமல் ஒட்டிக் கொண்டு பச்சையத்தைச் சுரண்டும். பொறிவண்டின் புழுவோ கருமை கலந்து, நீண்டு, சிறு முதலையைப் போல விரைந்து நடக்கும். அழகில்லாத இந்தப் புழுவைக் கண்டு அருவருத்து நசுக்குகிறவர்களே நம்மில் அதிகம். அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுதான் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

ஆகவே, நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டுத் தோட்டத்தில் முதற்கருவி கண், இரண்டாவது கருவி கை. மருந்து, அது இயற்கை மருந்தே ஆயினும், மூன்றாவது இடத்தில்தான் நிற்க வேண்டும்.

காலை வேளையில் வண்டுகள் மந்தமாய் இருக்கும். அப்போது இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் நிறமாய், நெட்டுக் குத்தாய், கும்பலாய் முட்டைகள் தென்படும். அந்த இலையைக் கிள்ளிச் சோப்பு நீரிற் போட்டுவிட்டால், பிறக்கவிருக்கும் ஒரு கூட்டமே தொலையும். வெள்ளரி, பூசணி, பீர்க்கு ஆகியவற்றின் பகைவன் சிவப்பு வண்டு. முளைத்து இரண்டே இலை விட்ட நாற்றை அது ஒரே நாளில் தின்று தீர்க்கும். அதற்கு, நாற்றுக்கு நான்கைந்து இலை வரும்வரை பழைய கொசுவலைத் துண்டு ஒன்றால் மூடி வைத்தாற் போதும். பூக்கத் தொடங்கியதும் தேனீ வருவதற்காக வலையை எடுத்துவிட வேண்டும். பனி ஈரம் உலராத காலையில் சாம்பல் தூவுவது நம் பாட்டிமார் கண்ட முறை. அந்த வண்டின் புழு மண்ணில் வாழ்வது. ஆதலால் கொடி ஓய்ந்தபின் மண்ணைக் கிளறி வெயில் காட்டுவதும் நன்று.

"இயற்கை மருந்து அடித்தால் என்ன?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். இயற்கை என்ற சொல்லைக் கண்டதும் எச்சரிக்கையை விட்டுவிடுகிறோம், அதுவே தவறு. புகையிலைக் கஷாயமும் இயற்கைதான். அதிலுள்ள நிக்கோட்டின் தோலின் வழியாகவும் உடலிற் புகும் கொடிய நஞ்சு. அதை அடுக்களைத் தோட்டத்தில் நான் அனுமதியேன். வேம்பு அத்துணைக் கொடிதன்று. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊற வைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் சாறு தயார். அதன் சத்து வெயிலிற் கெடும். எனவே மாலையில்தான் தெளிக்க வேண்டும். நண்பர்களான பூச்சிகளுக்கும் அதனால் ஓரளவு தீங்கு நேரலாம். எனவே பகை மிகுந்த செடிக்கு மட்டும், இலையின் அடிப்புறத்தில் மட்டும்.

மருந்தைத் தள்ளி வைப்பதில் இன்னொரு நன்மை உண்டு. எபிலாக்னாப் புழுக்களிற் சில பழுப்பு நிறமாகிப் பருத்து, இலையிலேயே விறைத்துக் கிடப்பதைக் காணலாம். அவற்றை எடுத்தெறிய வேண்டா! பீடியோபியஸ் என்னும் மிகச் சிறிய குளவியின் குஞ்சுகள் அவற்றுள் வளர்கின்றன; வெளிவந்ததும் வேறு புழுக்களைத் தேடிச் செல்லும். அமெரிக்காவில் அவரையினச் செடிகளை அழித்த மெக்சிக வண்டை அடக்க, அந்நாட்டார் 1966-ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்துதான் இக்குளவியைக் கொண்டு சென்றனர். அங்கே குளிர்காலத்தில் அது பிழைப்பதில்லை. ஆதலால் ஆண்டுதோறும் வளர்த்து விடுகிறார்கள். அவர்கள் கடல் கடந்து வந்து தேடிச் சென்ற துணைவன், நம் கொல்லையில் கூலியின்றி உழைக்கிறான். அவனை நாம் குப்பி மருந்தால் கொல்வதா?

வண்டு என்ற பெயரே வசையாகிவிடலாகாது என்பதற்கு இவ்வூரே சான்று. நாம் நடந்து வரும் வழியெல்லாம் மண்டிக் கிடக்கும் காங்கிரஸ் புல், அதாவது பார்த்தீனியம், இந்தியாவில் 1950-களின் நடுவில் இப்புனேயில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. அக்களையை எதிர்க்க, மெக்சிகோவிலிருந்து தருவித்த ஒரு வண்டு 1984-இல் பெங்களூர்ப் பகுதியில் விடப்பட்டது. வெளிர் மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகள் உடைய அவ்வண்டு, களையின் இலையைத் தின்று நமக்குத் தொண்டு செய்கிறது.

பகை வண்டை அடக்கவும் மராத்திய உழவரிடம் ஒரு பாடம் உண்டு. கரும்பின் வேரைத் தின்னும் 'ஹுமணி' என்னும் வெள்ளைப் புழுவின் தாய் வண்டுகள், முதல் மழை விழுந்த அந்தியில் மண்ணைவிட்டுக் கிளம்பி வேம்பிலும் கருவேலிலும் கூடும். ஊரார் ஒன்றுகூடிக் கிளைகளை உலுக்கி, விழுபவற்றைப் பொறுக்கி அழிப்பர். ஒருவன் மட்டும் செய்தால் பயனில்லை. அடுத்தவன் வயலிலிருந்து மீண்டும் வரும். நம் தொட்டிகளுக்கும் இது பொருந்தும். மக்காத சாணத்தை வாங்கிப் போட்டால் அதனோடு வேர்ப்புழுவும் வந்து சேரும் என்பதையும் மறவாதீர்கள்.

கையாற் பொறுக்குவது நூறு ஏக்கர் வயலுக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாது, நான் அதைப் பற்றிப் பேசவில்லை. எட்டுச் செடிக்கு ஆகும். தேர்வுக்குப் படிக்கவே நேரமில்லை என்பீர்கள். காலையில் பல் துலக்கியபடியே செய்யும் பத்து நிமிட வேலை இது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடும் நாம், ஆண்டுக்கு ஒரு ஞாயிறு காலையில், யாரேனும் ஒருவர் தோட்டத்திற் கூடுவோம். தாவரவியல், விலங்கியல் மாணவர் பூதக்கண்ணாடியோடு வரட்டும். ஏனையோர் கண்ணோடு வரட்டும். நண்பனையும் பகைவனையும் பிரித்தறியக் கற்போம். கற்றதை வீட்டுக்கார அம்மாளுக்கும் அண்டை வீட்டாருக்கும் அவர்கள் மொழியிலேயே சொல்வோம்.

இந்த மழைக்காலத்திலும் எங்கள் வெள்ளரி காய்த்திருக்கிறது. சில இலைகளில் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஆஜியின் பேத்தி பிஞ்சைப் பறிக்கும்போது இப்போது நான் ஓடுவதில்லை.