முத்திரை பார்த்து வாங்கு

மாண்ட்ரியலில் கார் வாங்கியிருக்கும் மகன், 'ஆல் சீசன்' டயரே போதும் என்கிறான். திருநீர்மலையில் மார்கழிப் பனிக்கே குல்லாய் போடுகிற உங்களுக்கு என்னப்பா தெரியும் என்று சிரிப்பு வேறு.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். கியூபெக் அரசின் விதியை நானே படித்துவிட்டேன். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை டயரின் பக்கவாட்டில் இருக்கவேண்டும். 'எம் + எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் செல்லாது. காரணம் உண்டு. 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். பிரேக் போட்டாலும் வண்டி வழுக்கும். பின் சீட்டில் என் பேத்தி.

வருஷம் இருமுறை டயர் மாற்றுவது செலவு என்றால், அந்த முத்திரையுள்ள 'ஆல் வெதர்' வாங்கட்டும், கோடையிலும் ஓடும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் சரக்கு வேறு. வாங்கியதும் பக்கவாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.