வீட்டுச் சாவி யார் கையில்?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் யோசெமிட்டி என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் நினைவுக்கு வருகிறதா? அது அந்த மாதிரி பூங்கா அல்ல. மலை, அருவி, கரடி எல்லாம் உள்ள பெருங்காடு. அங்கே போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது என்றால் அமெரிக்கர்களுக்குக் கொள்ளை ஆசை.

அப்படிப் போன ஒருவரைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பொழுது சாய்கிறது. அவர் விறகு மூட்டிக் காப்பி போடுகிறார். கையில் செல்போன் இருக்கிறது. சிக்னல் இல்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. காட்டுப் பாதைகளின் வரைபடத்தைப் புறப்படும் முன்பே போனில் இறக்கி வைத்துக்கொண்டார். "ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்" என்று அதற்குப் பெயர். 2004-ம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கியது. மக்களே ஊர் ஊராக வரைந்து, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த வரைபடம் அது.

அதே நேரத்தில், பல மைல்களுக்கு அப்பால் அவருடைய வீட்டு வாசல் விளக்கு பளிச்சென்று எரிகிறது. தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்கிறது. வீட்டில் இருப்பதோ அவருடைய வயதான தாயார் மட்டும். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை!

விளக்கைப் போட்டது யார்? அலமாரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். "ராஸ்பெரி பை" என்று பெயர். 2012-ம் ஆண்டில் இங்கிலாந்தில் இது விற்பனைக்கு வந்தபோது விலை 35 டாலர்.

இப்படிப் பொழுதைப் போக்குகிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். "வேலை இல்லாதவன் வேலை" என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். எல்லா வீட்டுக்கும் பொருந்தும் கேள்வி ஒன்று இதில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு எஜமான் யார்? வாங்கியவரா, விற்றவரா?

செத்துப்போன பெட்டி

"ரிவால்வ்" என்று ஒரு பெட்டி அமெரிக்காவில் விற்றது. வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு முதலியவற்றை ஒரே இடத்தில் இருந்து இயக்கும் பெட்டி. விலை சுமார் 300 டாலர். ஆயுள் முழுவதும் சேவை உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். 2014-ம் ஆண்டில் கூகுளைச் சேர்ந்த "நெஸ்ட்" கம்பெனி அந்த ரிவால்வ் கம்பெனியையே விலைக்கு வாங்கியது. 2016-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி சேவையை நிறுத்திவிட்டது.

பெட்டி உடையவில்லை. ஒயர் அறவில்லை. ஆனாலும் பெட்டி செத்துப் போயிற்று. ஏன்? அதன் மூளை பெட்டிக்குள் இல்லை. கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை அவர்கள் அணைத்தார்கள். அவ்வளவுதான்.

ஆயுள் என்றால் யாருடைய ஆயுள் என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்!

இது ஒன்றுதானா? 2022-ம் ஆண்டு ஏப்ரலில் "இன்ஸ்டியான்" என்ற கம்பெனியும் இப்படித்தான் திடீரென்று ஓய்ந்தது. முன்னறிவிப்புக்கூட இல்லை. 2025-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி நடந்தது இன்னும் வேடிக்கை. அன்று அமேசான் கம்பெனியின் கம்ப்யூட்டர் நிலையத்தில் கோளாறு. அமெரிக்காவில் சிலர் இன்டர்நெட்டோடு இணைந்த படுக்கைகளில் தூங்குகிறார்கள். அன்று சில படுக்கைகளில் சூடு தணியவில்லை. சில படுக்கைகள் தலைப்பக்கம் தூக்கியபடியே நின்றுவிட்டன. கயிற்றுக் கட்டிலுக்கு இந்தத் தொல்லை உண்டா?

சாம்பார் பக்குவம்

காட்டில் காப்பி போடுகிறாரே, அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் இந்த ரகம் அல்ல. அதில் இருப்பது "ஓப்பன் சோர்ஸ்" மென்பொருள். மென்பொருள் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் எழுதித் தரும் உத்தரவுகள். ஓட்டல்காரர் சாம்பாரை விற்பார். பக்குவத்தைச் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் சாம்பாரையும் கொடுப்பார், பக்குவத்தையும் சொல்வார். உப்பைக் குறைப்பது நம் இஷ்டம். நாலு பேருக்குச் சொல்வதும் நம் இஷ்டம். ஓப்பன் சோர்ஸ் என்பது பக்கத்து வீட்டுச் சாம்பார்.

இந்தக் கொள்கை பிறந்ததற்கு ஓர் அச்சு எந்திரமும் காரணம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் வேலை பார்த்தார். எந்திரத்தில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் உடனே தகவல் வரும்படி பழைய எந்திரத்தின் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். புது எந்திரம் வந்தது. அதன் மென்பொருளைக் கேட்டார். கிடைக்கவில்லை. கோபம் அவர் மனதில் தங்கிவிட்டது. 1983-ம் ஆண்டில், எல்லோருக்கும் உரிமையுள்ள மென்பொருளைத் தயாரிக்கப் போவதாக அறிவித்தார். 1991-ம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் "லினக்ஸ்" மென்பொருளை வெளியிட்டார். உங்கள் கையில் ஆண்டிராய்டு போன் இருந்தால் அதற்குள்ளும் லினக்ஸ்தான் ஓடுகிறது.

வீட்டு விளக்குக்கு வருவோம். 2013-ம் ஆண்டில் பௌலஸ் ஸ்கௌட்சென் என்பவர் "ஹோம் அசிஸ்டெண்ட்" என்ற மென்பொருளைத் தொடங்கினார். இலவசம். யாரும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஆயிரக்கணக்கானவர்கள் திருத்தியும் இருக்கிறார்கள். முக்கியமான செய்தி, இது வீட்டுக்குள்ளேயே இயங்கும். இன்டர்நெட் அறுந்தாலும் வாசல் விளக்கு எரியும். 2024-ம் ஆண்டில் இதைச் சுவிட்சர்லாந்தில் உள்ள ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எந்தக் கம்பெனியும் விலைக்கு வாங்கிவிடக் கூடாதே என்பதற்காக!

இருட்டில் தாயார்

நான் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் கட்சிதான். ஆனால் அவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

அவர்களுக்குள் ஒரு கேலிப் பேச்சு இருக்கிறது. "மனைவி ஒப்புதல்" என்பார்கள். புதிதாக எதை மாட்டினாலும் மனைவி அதைச் சகித்துக்கொள்வாரா என்று மதிப்பெண் போடுவது. போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். இது சிரிக்கிற விஷயமா?

காட்டில் இருப்பவரை மறுபடி பாருங்கள். அவர் தூங்கிவிட்டார். அன்று பார்த்து வீட்டில் குட்டிக் கம்ப்யூட்டரின் மெமரி கார்டு கெட்டுப் போகிறது. அது கெடுவது சகஜம். சுவரில் பழைய ஸ்விட்ச் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிப் பலகை. தாயார் தட்டுகிறார். விளக்கு எரியவில்லை. மகனுக்குப் போன் செய்கிறார். போன் போகவில்லை. கழிவறைக்கு இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறார். அந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்பு என்ன ஆகும்?

ரிவால்வ் பெட்டி வாங்கியவருக்கும் இந்தத் தாயாருக்கும் என்ன வேறுபாடு? அங்கே சாவி கம்பெனி கையில். இங்கே சாவி மகன் கையில். மென்பொருள் உலகத்துக்கே திறந்திருக்கிறது. வீட்டில் உள்ளவர்களுக்கோ பூட்டிக் கிடக்கிறது! கம்பெனியிடம் பக்குவம் கேட்டு வாதாடியவர், சொந்த வீட்டில் ஓட்டல்காரர் ஆகிவிட்டார்.

வேண்டும் என்றே மறைக்கவில்லை என்பார். உண்மைதான். "சொன்னாலும் அம்மாவுக்குப் புரியாது" என்ற நினைப்பு. அது மறைப்பதைவிட மோசம்.

காட்டுக்குப் போனவர் நாலு நாளில் திரும்பிவிடுவார். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால்? திரும்பி வராத இடத்துக்கே போய்விட்டால்? பாஸ்வேர்டுகள் எல்லாம் அவர் மண்டையில் மட்டும் இருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஒயர்களைப் பிடுங்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. பழைய ஸ்விட்சைக் கழற்றாமல் அதன் பின்னாலேயே பொருத்தும் சின்னக் கருவிகள் கடையில் இருக்கின்றன. கம்ப்யூட்டரும் விளக்கைப் போடும், கையாலும் போடலாம். இன்னொரு மெமரி கார்டில் நகல் எடுத்து வைக்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, எது எங்கே இருக்கிறது, எதைப் பிடுங்கினால் எது நிற்கும், பாஸ்வேர்டு என்ன என்று தாயாருக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்கலாம். எழுதியதை அவரையே படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். புரியவில்லை என்றால் தப்பு எழுதியவர் மீது.

பிறகு, காட்டுக்குக் கிளம்பும் முந்தின நாள் இரவு குட்டிக் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அவர் பேசாமல் படுத்துக்கொள்ளட்டும். வாசல் விளக்கு எரிந்ததா, செடிக்குத் தண்ணீர் விட முடிந்ததா, கழிவறைக்கு வெளிச்சம் இருந்ததா என்று காலையில் தாயார் சொல்லட்டும். எல்லாம் சரி என்று அவர் சொன்னால், கூடாரத்தைக் காரில் ஏற்றலாம்.