மலைச்சாலைக்கு வேக மகிழுந்து: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இன்று நான் எழுத விழைவது பாடநூலில் இடம்பெறாத ஒரு பாடம்.

நம் தமிழ்ப்பள்ளிகளை விட்டுச் சென்ற பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்து கையில் நாலு காசு பார்த்ததும் முதலில் விரும்புவது மகிழுந்தைத்தான். கியா பார்ம், பிரிஞ்சாங், திரிங்காப் என்று கேமரன் மலையில் வளர்ந்த இளைஞர்களும் இதற்கு விலக்கல்லர். புதிய வண்டியின் மாதத் தவணை தோட்டத்துக் குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. ஆகவே பழைய வண்டி. அதிலும் வேகமான சிறிய வண்டி. அவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ.

சத்ரியா என்றால் மலாய்மொழியில் வீரன், நம் சத்திரியன்தான். 1994-இல் அறிமுகமான சத்ரியாவின் வேக வடிவமே 1990-களின் இறுதியில் வந்த ஜிடிஐ. 1.8 லிட்டர் மிட்சுபிஷி எஞ்சின். ஏறத்தாழ 140 குதிரைத்திறன். 1996-இல் புரோட்டோன் தன்வயமாக்கிய இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தார் அதன் ஓட்டத்தைச் செம்மைப்படுத்தினர். நல்ல வண்டி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை இன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கடந்தவை. நன்கு பேணப்பட்டவற்றைச் சேகரிப்போர் நல்ல விலை கொடுத்து வாங்கிவிடுகின்றனர். எஞ்சியதே மலிவாகக் கிடைக்கிறது. ஏன் மலிவு என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பையன்கள் குதிரைத்திறனைப் பற்றியே பேசுகின்றனர். பிரிஞ்சாங் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் திறனில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இழந்துவிடும். ஆனால் இறக்கத்தில் புவியீர்ப்பு எதையும் குறைத்துக்கொள்வதில்லை. தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவும் இறக்கமும். மழையும் மூடுபனியும் வேறு. ஆகவே மலைவாழ் மக்கள் ஒரு வண்டி எவ்வளவு விரைவாக ஓடும் என்பதைவிட, எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எனவே, நான் பரிந்துரைக்கும் வரிசை இது:

1. பிரேக்: உராய்வு வெப்பத்தை உண்டாக்கும் என்று நாம் அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோம். அவ்வெப்பம் பிரேக் எண்ணெயைச் சேரும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாய் இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தைத் தாங்கும். ஈரத்தை உறிஞ்சிய பின் அவ்வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடக்கூடும். கொதித்தால் மிதி தரைவரை செல்லும்; வண்டி நிற்காது. எண்ணெய் கறுத்திருந்தாலோ கடைசியாக எப்போது மாற்றினோம் என்று விற்பவர் அறியாவிட்டாலோ, புது எண்ணெய் ஊற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். பிரேக் தட்டின் விளிம்பில் மேடு தட்டுப்பட்டால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள்.

2. டயர்: பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாய் இருந்தாலும் முதிர்ந்த இரப்பர் ஈரச்சாலையில் வழுக்கும். நான்கும் நான்கு விதமாய் இருந்தால், பழைய உரிமையாளர் எங்கெங்கே கைச்சுருக்கம் காட்டியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

3. அடையாளம்: சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ உடை அணிவித்து விற்போர் உண்டு. ஜிடிஐ எஞ்சினின் கொள்ளளவு 1,834 சிசி. பதிவு விவரத்தில் 1,468 அல்லது 1,597 என்று இருந்தால் அது வேறு வண்டி. எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் நேரில் ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால், சாலைப் போக்குவரத்துத் துறையில் அது பதியப்பட்டிருக்க வேண்டும். பெயர் மாற்றத்திற்கு முன் நடக்கும் புஸ்பாகோம் போன்ற மையத்தின் சோதனை வண்டியின் அடையாளத்தை உறுதி செய்யும். எஞ்சினின் எஞ்சிய ஆயுளைச் சொல்லாது.

4. விபத்தும் வெள்ளமும்: பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி, பற்றவைத்த தழும்பு உள்ளதா என்று பாருங்கள். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வண்டி நீரில் மூழ்கியது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறந்துவிடலாகாது.

5. எஞ்சின்: நாம் வரும் முன்பே சூடேற்றி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. டைமிங் பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகக்கூடும். சீட்டு இல்லையேல் மாற்றவில்லை என்றே கொள்க. ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து வெப்பமுள்ளைக் கவனியுங்கள்.

இனிப் பணத்திற்கு வருவோம். இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. முழுக் காப்புறுதியும் எளிதில் அமைவதில்லை. ஆகவே வாங்குவது ரொக்கத்தில். அந்த ரொக்கம் பெரும்பாலும் அம்மாவின் சீட்டுப் பணமாகவோ அடகுக்கடைக்குப் போன சங்கிலியாகவோ இருக்கிறது. வண்டி விபத்தில் நொறுங்கினால் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குக் கையை விரிக்கும் நிலை வேண்டாம். விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது டயருக்கும் பிரேக்கிற்கும் பெல்ட்டுக்கும் தனியே எடுத்து வைத்த பிறகே பேரம் பேசச் செல்லுங்கள். அப்படி ஒதுக்க இயலாவிட்டால், அந்த வண்டி நம் சக்திக்கு உட்பட்டதன்று. வேகம் குறைந்த, பேணப்பட்ட வண்டியே அப்போது அறிவுடைய தேர்வு.

பெற்றோர்களே, "கூடாது" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். மறுக்கப்பட்ட பையன் நண்பனை அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகப் போய், தெருவிளக்கின் வெளிச்சத்தில் சாயத்தைப் பார்த்து வாங்கிவருவான். நீங்களே உடன் செல்லுங்கள், பகலில் செல்லுங்கள், விற்பவருக்கு வேண்டாத, தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். பணம் தருபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

ஆசிரிய நண்பர்களே, பழைய மாணவன் வண்டிப் படத்தைக் காட்டி மகிழும்போது "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்பதே நம் வழக்கம். இனி, "பிரேக் எண்ணெய் எப்போது மாற்றினாய், தம்பி?" என்று கேட்போம். நாம் எதை மதிக்கிறோமோ அதைத்தான் பிள்ளைகளும் மதிப்பார்கள்.